ஆங்கில ப்ரிபொசிஷன்: எங்கே எதைப் போடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கையேட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். பொறியாளர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. டென்ஸ், ஆர்ட்டிகிள் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இன், ஆன், அட் மாதிரியான இந்த ப்ரிபொசிஷன் மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. சரிபார்ப்பவர் அதை மட்டும் சிவப்பில் மாற்றி அனுப்புகிறார். காரணம் கேட்டால், "அப்படித்தான் சொல்வார்கள்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

இந்த வாரம் வந்த சிவப்பில் சில:

"வி டிஸ்கஸ்ட் அபௌட் தி டிசைன்." இதில் அபௌட்டை அடித்துவிட்டார். ஆனால் அதே பக்கத்தில் "ஆஃப்டர் எ டிஸ்கஷன் அபௌட் தி டிசைன்" என்று இருந்ததைத் தொடவே இல்லை. ஒன்று தப்பென்றால் இன்னொன்று எப்படிச் சரியாகும்?

"சப்மிட் தி ஃபார்ம் அன்டில் ஃப்ரைடே." அன்டில் போய் பை வந்தது. "தி லிங்க் வில் வொர்க் அன்டில் ஃப்ரைடே" மட்டும் அப்படியே இருக்கிறது.

"தி ரிப்பேர் வில் பி டன் இன் டூ வீக்ஸ்." இதன் ஓரத்தில் வெறும் கேள்விக்குறி.

அப்புறம் ஒரு பழைய சந்தேகம். மேசையில், பெட்டியில், வாசலில் என்று தமிழில் மூன்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் அது ஆன், இன், அட் என்று மூன்றாகப் பிரிகிறது. அதிலும் பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன். ஏன்?

விதி என்று ஒன்று இருக்கிறதா, எல்லாமே மனப்பாடம்தானா? தயவுசெய்து பட்டியல் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வைத்திருக்கிறேன். எழுதும்போது மனதுக்குள் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும். (மொபைலில் எழுத்தை மாற்றி மாற்றி அடிக்கச் சோம்பல், அதனால் ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வழிப்போக்கன் எழுதியது:

விதியாவது கிதியாவது. நிறையப் படியுங்கள், நிறையக் கேளுங்கள், காது பழகிவிடும். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் காரணம் தெரியாது.

சிவப்புமை எழுதியது:

வழிப்போக்கன் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் நாளைக் காலை கொடுக்க வேண்டிய பக்கத்துக்கு அது உதவாதே. நான் உங்கள் சரிபார்ப்பவரின் கட்சி, அதாவது சிவப்பு மை வைத்திருக்கும் ஆள். காரணம் எழுதாமல் திருத்துவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ப்ரிபொசிஷனைப் பார்த்ததும் நம் கண் அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லுக்குப் போகும். டிசைன், ஃப்ரைடே, டேபிள் என்று. பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்களில் விடை முன்னால் இருக்கும் சொல்லில் இருக்கிறது. டிபென்ட் என்று எழுதிய அந்த நிமிடமே ஆன் வந்தாக வேண்டும், பின்னால் வருவது மழையா மனிதனா என்பது பொருட்டில்லை. இன்ட்ரஸ்டெட் என்றால் இன். அஃப்ரெய்ட் என்றால் ஆஃப். ஆகவே நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இந்த இடத்தில் ப்ரிபொசிஷனைக் கூப்பிட்டது யார், முன்னால் இருப்பவரா பின்னால் இருப்பவரா?

இது நமக்குப் புதிதும் இல்லை. தமிழில் அவன் 'மேல்' கோபம், அவனுக்குப் பயந்தேன், அவனை நம்பினேன், அவனிடம் சொன்னேன். 'அவன்' அதே அவன்தான். கோபமும் பயமும் நம்பிக்கையும் தங்களுக்கு வேண்டிய உருபைத் தாங்களே கேட்டு வாங்குகின்றன. நாம் இதற்கு விதி படித்ததில்லை. தமிழ் கற்க வரும் வெளியாள் ஒருவர் "அவனுக்கு நம்பினேன் என்றால் ஏன் தப்பு?" என்று கேட்டால் நாமும் "அப்படித்தான் சொல்வார்கள்" என்றுதான் முழிப்போம்.

இப்போது உங்கள் டிஸ்கஸ். இதில் பட்டியல் தேவைப்படாத ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லோ, ஒரே வேரில் பிறந்த சொற்களோ வினையாகவும் பெயராகவும் வரும்போது, பல சமயம் வினை நேராகப் போய்ச் செயப்படுபொருளைத் தொட்டுவிடும். பெயருக்கு அந்தச் சக்தி கிடையாது, இடையில் ஒரு ப்ரிபொசிஷன் வேண்டும். வி டிஸ்கஸ்ட் தி டிசைன், ஆனால் எ டிஸ்கஷன் அபௌட் தி டிசைன். ஹி ரிக்வெஸ்டட் லீவ், ஆனால் எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ். எம்ஃபசைஸ் தி பாயின்ட், ஆனால் எம்ஃபசிஸ் ஆன் தி பாயின்ட். ஆன்ஸர் தி கொஸ்டின், ஆனால் தி ஆன்ஸர் டு தி கொஸ்டின். லாக், ஆர்டர், டிமாண்ட், அட்டாக், இன்ஃப்ளுயன்ஸ், கான்டாக்ட் எல்லாமே இந்த வகை. நாம் செய்வது என்னவென்றால், பெயரோடு கேட்டுப் பழகிய ப்ரிபொசிஷனை வினைக்கும் ஒட்டிவிடுகிறோம். 'டிஸ்கஸ் அபௌட்' பிறப்பதில் தமிழின் 'பற்றி'க்குப் பங்கு உண்டு, டிஸ்கஷன் அபௌட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் சரிபார்ப்பவர் ஒன்றை அடித்து இன்னொன்றை விட்டதற்குக் காரணம் இதுதான். மனிதர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

எல்லா வினையும் இப்படி நேராகத் தொடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிட்டுக்கு ஃபார் வேண்டும், லிசனுக்கு டு வேண்டும். 'லிசன் மியூசிக்' என்று எழுதுபவர்கள் இசை'யை'க் கேட்கும் நினைப்பில் இருக்கிறார்கள்.

ப்ரிபொசிஷன் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள் என்று வரும் இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. சர்ச் தி ரூம் என்றால் அறையைச் சோதனை போடுவது. சர்ச் ஃபார் தி கீ என்றால் காணாமல் போன சாவியைத் தேடுவது. 'சர்ச் தி கீ' என்று எழுதிவிட்டால், கையில் இருக்கும் சாவிக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதைக் குடைந்து பார் என்கிற மாதிரி ஆகிவிடும். கையேட்டில் இதை நிஜமாகவே பார்த்திருக்கிறேன்.

டு, அட் இரண்டும் இதே போல. த்ரோ தி பால் டு மீ என்றால் நான் பிடிக்கத் தயாராக நிற்கிறேன். த்ரோ தி பால் அட் மீ என்றால் என் மண்டைதான் குறி. ஷவுட் டு ஹிம் என்பது தூரத்தில் இருப்பவன் காதில் விழக் கத்துவது, ஷவுட் அட் ஹிம் என்பது திட்டுவது. அட் என்பது ஒரு புள்ளியை நோக்கிய குறி. லுக் அட், பாயின்ட் அட், லாஃப் அட் எல்லாவற்றிலும் அந்தக் குறி பார்க்கும் குணம் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பல அட்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இனி, பின்னால் வரும் சொல் தீர்மானிக்கும் இடங்கள். அவை பெரும்பாலும் இடமும் காலமும். உங்கள் மேசை, பெட்டி, வாசல் விஷயத்தில் பொருள் என்ன என்பதைவிட, எழுதுபவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதே முக்கியம். புள்ளியாகப் பார்த்தால் அட், பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் ஆன், உள்ளே இடமுள்ள ஒன்றாகப் பார்த்தால் இன். மூலை ஒன்றுதான்: அறைக்குள் நின்று பார்த்தால் இன் தி கார்னர் ஆஃப் தி ரூம், தெருவில் நின்று பார்த்தால் அட் தி கார்னர். எல்லைக்கோடும் ஆற்றங்கரையும் ஆன் வாங்குவது கோடு என்பதால்.

பஸ்ஸுக்கும் காருக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்: எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிக்கு ஆன் (பஸ், ரயில், கப்பல், விமானம்), குனிந்து நுழைந்து உட்கார்ந்தே போகிற வண்டிக்கு இன் (கார், டாக்ஸி). பெரும்பாலும் கைகொடுக்கும். சைக்கிளும் குதிரையும் ஆன் வாங்குவது மேலே உட்காருவதால். ஆனால் சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் இன்னொரு நுணுக்கத்தைக் காட்டினார். ஓட்டத்தில் இருக்கும் பஸ்ஸில்தான் ஒருவர் ஆன் தி பஸ். பழுதாகிக் கைவிட்டுக் கிடக்கும் பஸ்ஸுக்குள் குழந்தைகள் விளையாடினால் அது இன் தி பஸ். அதாவது ஆன் என்பதில் பயணமும் சேர்ந்தே இருக்கிறது. எனக்கு நடக்கலாம் நிற்கலாம் விளக்கத்தைவிட இது திருப்தி.

காலத்தில் அட் மணிக்கு, ஆன் நாளுக்கு, இன் மாதத்துக்கும் ஆண்டுக்கும். இது உங்களுக்கே தெரியும். இன் தி மார்னிங் என்பது ஆன் மண்டே மார்னிங் ஆவது நாள் பெயர் உள்ளே வந்ததால். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் எதுவும் வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று எழுதாதீர்கள்.

இன் டூ வீக்ஸுக்கு ஏன் கேள்விக்குறி என்றால், அதற்கு இரண்டு பொருள். இன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்து முடியும் என்பது ஒன்று. தொடங்கினால் இரண்டு வாரம் பிடிக்கும் என்பது இன்னொன்று. உங்கள் மனதில் இருந்ததோ "இரண்டு வாரத்துக்குள்" என்பதாக இருக்கும், அதற்கு 'விதின்' என்ற சொல். படிப்பவர் பணம் கட்டியவர் என்றால் இந்த மூன்றுக்கும் இடையே சண்டையே வரும்.

அன்டில் பற்றி வேறு யாராவது எழுதுங்கள், கை வலிக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் எழுதுகிறேன் அக்கா. வாடிக்கையாளர்களுக்கு மெயிலில் கெடு சொல்வதே என் பிழைப்பு.

கையேட்டுக்காரன், இதில் தமிழே வழி காட்டுகிறது. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் அன்டில், 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் பை. அதுவரை ஒரு நிலை நீடிக்கிறது என்றால் அன்டில்: லிங்க் வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்கு முன் ஒரு காரியம் ஒரு தடவை நடந்து முடிந்துவிடும் என்றால் பை: படிவம் கொடுப்பது ஒரு தடவைதான். பேச்சில் "வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுக்கலாம்" என்று சொல்லிப் பழகியதால் கை தானாக அன்டிலுக்குப் போகிறது. படிவம் கொடுக்கிறவர் வெள்ளிக்கிழமை வரை கொடுத்துக்கொண்டே இருக்க மாட்டார் அல்லவா?

எதிர்மறையில் கவனம். "தி ரிப்போர்ட் வில் நாட் பி ரெடி பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள் ஆகாது, எப்போது ஆகும் என்று சொல்லவில்லை. "வில் நாட் பி ரெடி அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும், அதற்கு முன் கேட்காதே. முதலாவது வாடிக்கையாளருக்குக் கெட்ட செய்தி. இரண்டாவது கிட்டத்தட்ட வாக்குறுதி.

இன்னொன்று. அன்டில் ஃப்ரைடே என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தியா இல்லையா என்று மெயில் மேல் மெயில் வரும். அமெரிக்கர்கள் த்ரூ ஃப்ரைடே என்று எழுதினால் வெள்ளியும் சேர்த்தி. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது அவ்வளவு பழக்கமில்லை. நான் எப்போதும் மணியையும் சேர்த்துப் போட்டுவிடுவேன்.

பழைய_வாத்தியார் எழுதியது:

நல்ல இழை. ஒரு துணைச்செய்தி மட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் கடைசியிலேயே நம்மைப் போல வேற்றுமை உருபு இருந்தது. ப்ரிபொசிஷனும் உண்டு, ஆனால் இவ்வளவு சுமை அதற்கு இல்லை. பிறகு அந்த விகுதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோக, அவற்றின் வேலையும் டு, ஆஃப், ஃபார் தலையில் விழுந்தது. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் சேர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. மிச்சம் நிற்பவை 'ஜான்ஸ் புக்' என்பதில் வரும் எஸ், அப்புறம் ஹிம் போன்ற சில. இன்று 'அவனை' என்று பொருள்படும் ஹிம், அன்று 'அவனுக்கு' என்பதற்கான வடிவம்.

சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர், ப்ரயர் ஆகியவற்றுக்கு, ஒப்பிடும்போது வழக்கமாக வரும் 'தேன்' என்ற ஆங்கிலச் சொல் வராமல் டு வருவதும் வரலாறுதான். இவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டுப் பொருளோடே வந்தவை. ப்ரிஃபரும் டு கேட்கும்: ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி. தேன் என்று எழுதுபவர்கள் அதிகம்.

கையேட்டுக்காரன் எழுதியது:

சிவப்புமை மேடம், டிஸ்கஷன் விளக்கம் படித்ததும் பழைய சிவப்புகளை எடுத்துப் பார்த்தேன். பாதி இந்த வகைதான். நன்றி.

இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, முன்னால் இருக்கும் சொல் எதைக் கேட்கிறது என்று எங்கே பார்ப்பது? கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் தப்பான வடிவத்துக்கும் ஆயிரக்கணக்கில் வருகிறது. 'மேரீட் வித்' என்று தேடினால் கொட்டுகிறது, ஆனால் மேரீட் டு தான் சரி என்கிறார்கள். இரண்டு, வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்களே, அது உண்மையா?

சிவப்புமை எழுதியது:

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாற்றும். வந்த வாக்கியங்களைத் திறந்து படியுங்கள். "ஹி இஸ் மேரீட் வித் டூ சில்ட்ரன்" என்பது நல்ல ஆங்கிலம். மணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொருள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார் என்றில்லை. அந்த வித் மேரீடுக்குச் சொந்தமில்லாதது. துணையைச் சொல்லும் இடத்தில் டு தான், அல்லது வினையாக நேராக: ஷி மேரீட் ஹிம்.

பார்ப்பதற்கு மாணவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதிதான் முதல் இடம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாய்மொழிக்காரர்களுக்கான பெரிய அகராதி பொருளைத்தான் சொல்லும், இவை சொல்லோடு ஒட்டி வரும் ப்ரிபொசிஷனைத் தடித்த எழுத்தில் தனியாகக் காட்டும். பின்னால் வரும் பெயரைத் தேடாதீர்கள், முன்னால் இருக்கும் வினையையோ பெயரடையையோ தேடுங்கள். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் கார்ப்பஸ், அதாவது மக்கள் நிஜமாக எழுதியதையும் பேசியதையும் திரட்டித் தேட வசதியாக வைத்த தொகுப்பு. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடி சொற்கள், அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகாவில் 100 கோடிக்கு மேல். டிஃபரன்ட் ஃப்ரமா, டுவா, தேனா என்பது போன்ற நாட்டுக்கு நாடு மாறும் சங்கதிக்கு அதுதான் சரி. (ஃப்ரம் எங்கும் செல்லும். டு பிரிட்டிஷ் பேச்சு, தேன் அமெரிக்கப் பேச்சு. கையேட்டில் ஃப்ரம் போட்டு நிம்மதியாக இருங்கள்.)

இரண்டாவது கேள்வி வாத்தியாருக்கு.

பழைய_வாத்தியார் எழுதியது:

உண்மை இல்லை. 1672இல் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் எழுத்தில் இதை ஒரு குறையாகச் சுட்டினார். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்பதை வேறு எப்படிக் கேட்பது? ஃபார் ஹூம் என்று தொடங்கினால் நீதிமன்றத்தில் நிற்பது போல இருக்கும்.

அதைவிட உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது டுவின் இரட்டை வேடம். வான்ட் டு கோ என்பதில் வரும் டு வினையோடு ஒட்டியது. லுக் ஃபார்வர்ட் டு, அப்ஜெக்ட் டு ஆகியவற்றில் வருவது ப்ரிபொசிஷன், அதன் பின்னால் வினை வந்தால் ஐஎன்ஜி சேர வேண்டும். லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் வெறும் பெயரைப் போட்டுப் பாருங்கள். லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங் நிற்கிறது, வான்ட் டு தி மீட்டிங் நிற்கவில்லை.

கையேட்டுக்காரன் எழுதியது:

பெயரைப் போட்டுப் பார்க்கும் சோதனை அருமை சார். கடைசியாக என் துறைக்கே உரியது ஒன்று. திரையில், சாளரத்தில், மெனுவில், கட்டத்தில்... தமிழில் மறுபடியும் எல்லாமே 'இல்'. என்ன செய்வது?

சிவப்புமை எழுதியது:

முன்பு சொன்ன பரப்பு, உள்ளிடம் கணக்கேதான். ஸ்க்ரீன், டேப், டூல்பார், மெனு இவை பலகை மாதிரி, அதனால் ஆன். விண்டோ, டயலாக் பாக்ஸ், ஃபீல்டு, லிஸ்ட் இவற்றுக்குள் ஏதோ இருக்கிறது, அதனால் இன். பக்கம் ஆன், ஆவணம் இன். கமாண்ட் ப்ராம்ப்ட் ஒரு புள்ளி, அட். மெனுவிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்னும்போது ஃப்ரம் போடலாம். க்ளிக்குக்குப் பின்னால் ஆன் போடுவதா வேண்டாமா என்பது நிறுவனத்து நடைக் கையேட்டைப் பொறுத்தது. நான் போடுவதில்லை, 'க்ளிக் சேவ்' என்றே விட்டுவிடுவேன்.

லாக் இன் செய்வதில் மட்டும் எல்லோரும் வழுக்குகிறார்கள். லாக் இன் என்பது ஒரே வினை, அந்த இன் அதன் உறுப்பு. டு தான் ப்ரிபொசிஷன். ஆகவே 'லாக் இன் டு தி சிஸ்டம்' என்று இன்னையும் டுவையும் இடம் விட்டு எழுத வேண்டும், இரண்டையும் ஒட்டி இன்டு ஆக்கக் கூடாது. சைன் இன் டுவும் அப்படித்தான்.

கையேட்டுக்காரன் எழுதியது:

ஒட்டித்தான் எழுதியிருக்கிறேன், கையேடு முழுக்க. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடப் போகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

மொத்தமாக ரீப்ளேஸ் ஆல் அழுத்திவிடாதீர்கள், இன்சர்ட் தி கார்ட் இன்டு தி ஸ்லாட்டும் உடைந்துவிடும். லாக், சைன் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.